ஆறாவது தெரிவு

முதல் அடி காதோடு விழுந்தபோது நிமலினி கைபேசியில் நில அளவை விஞ்ஞானத்தை ஆறாவது தெரிவாகப் போட்டுக்கொண்டிருந்தாள். அது மேசையில் விழுந்தது. பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள்.

"எஞ்சினியரிங்கைத் தவிர வேறை ஒண்டும் போடக்கூடாதெண்டு சொன்னனானெல்லே," என்றார் அப்பா லயனல்.

காலமெல்லாம் ஒரு கந்தோரில் வேலை செய்து எஞ்சினியர்மாருக்குப் பின்னால் நடந்து ஓய்வு பெற்றவர். தன்னைவிட இளையவர்கள் முன்னால் "சேர், சேர்" என்று நின்றது அவருக்கு இன்னும் தொண்டைக்குள் நின்றது. பொறியியலுக்குக் கீழே வேறு பாடம் ஒன்றைப் போட்டால் அது தோல்வியை வீட்டுக்குக் கூப்பிடுவது என்று நம்பினார். யாழ்ப்பாணத்தில் அரைவாசித் தகப்பன்மாருக்கு இந்த வியாதி உண்டு. போன வருடம் அவர் சொன்னபடி எல்லாவற்றையும் பொறியியலாகவே போட்டாள். அனுமதிக்கான வெட்டுப்புள்ளி மயிரிழையில் தவறியது. கீழே ஒன்றும் இல்லாததால் எந்தப் பல்கலைக்கழகமும் கிடைக்கவில்லை. இப்போது மூன்றாந்தரமும் உயர்தரப் பரீட்சை எழுதியாயிற்று. மூன்று தரத்துக்கு மேல் எழுத விடமாட்டார்கள்.

"எஞ்சினியரிங் கிடைக்காட்டி நான் என்னப்பா செய்யிறது?"

"கிடைக்காட்டிச் செத்துப் போ."

இடுப்புப் பட்டியை உருவினார். அதன் கொளுக்கி அவள் புருவத்தைக் கிழித்தது. சமைத்துக்கொண்டிருந்த அம்மா றோஸ் வழக்கம்போலக் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அடியைவிட அந்தக் கதவுச் சத்தம்தான் நிமலினிக்கு நொந்தது. ஒரு கண்ணுக்குள் இரத்தம் இறங்கியது. மற்றக் கண்ணால் பார்த்தபோது, அப்பா கைபேசியை எடுத்துத் தெரிவுகளை அழிக்கப் போனார்.

அவள் கதிரையைத் தூக்கி அவர் கையில் அடித்தாள். எலும்பு முறிந்த சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது. கை ஓங்கியதற்கு அவளுக்கு வெட்கமில்லை. இன்னொருக்கால் அடிக்கவேண்டும் போலிருந்ததுதான் பயமாக இருந்தது.

லயனல் நிலத்தில் குந்தி, கையை மடியில் வைத்து அழுதார். அவர் அழுது அவள் பார்த்ததில்லை.

"மொறட்டுவை எஞ்சினியரிங்கையாவது முதலாவதாப் போடு பிள்ளை," என்றார்.

"அதுதானப்பா முதலாவது. அஞ்சாவது வரைக்கும் எல்லாம் எஞ்சினியரிங்தான். நானும் அதைத்தானே படிக்க ஆசைப்பட்டனான். நீங்கள் மேலை போட்டிருக்கிறதைப் பாக்கேல்லை."

குசினிக் கதவு திறந்தது. றோஸ் ஈரத்துணியோடு வந்து, யாரிடம் முதலில் போவதென்று தெரியாமல் நடுவில் நின்றாள். நிமலினி கைபேசியை எடுத்தாள். இரத்தம் பட்ட கண்ணாடியில் விரல் எடுபடவில்லை. சட்டையில் அழுத்தித் துடைத்துவிட்டு ஏழாவது தெரிவைத் தேடத் தொடங்கினாள்.