முப்பத்தேழுக்கு ஒரு ப்ராக்ஸி

பூவரசனின் பதினாறாம் நாள் காரியத்துக்குத் துவாக்குடி ஹாஸ்டலிலிருந்து எல்லாரும் காலேஜ் வேனில் கிளம்பினார்கள். சிவசங்கர் மட்டும் வயிறு சரியில்லை என்று பின்தங்கிவிட்டு, அப்புறம் தனியாக பஸ் ஏறினான். வயிற்றுக்கு ஒன்றுமில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அந்தக் கோளாறுதான்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் வண்டிக்கு மாறும்போது மலைக்கோட்டை தெரிந்தது. மூன்றரை வருஷமாகத் திருச்சியில் கட்டடக்கலை படிக்கிறான். ஒரு நாள்கூட அதில் ஏறியதில்லை. ஆனால் காலேஜ் டூரில் விமானம் ஏறிப் போய் எட்டு நாளில் ஒன்பது கோட்டை பார்த்துவிட்டு வந்தவன். அவற்றில் இரண்டின் பெயரைச் சொல் என்றால் முழிப்பான். ஒன்றை மட்டும் செத்தாலும் மறக்க மாட்டான்.

அது செக் நாட்டில் ஒரு சின்ன ஊர். முந்நூறு வீடு, ஒரு சர்ச், ஒரு பேக்கரி. தலைக்கு மேலே குன்றில் கோட்டை. ஜனவரி மாதம் என்பதால் நாலரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிட்டது. கூட்டிப் போன பாலமுரளி சாருக்கு ஒரே ஒரு சட்டம்தான். பஸ்ஸுக்கு லேட்டாக வந்தால் மறுநாள் ஊர் பார்க்க முடியாது, ஹோட்டல் ரூமிலேயே கிடக்க வேண்டும். பூவரசன் ஏற்கெனவே ஒரு நாள் அப்படிக் கிடந்தவன். நாற்பத்திரண்டு பேரில் கோட்டையை நிஜமாகப் பார்த்தது அவன் ஒருவன்தான். மற்றவர்கள் செல்பி எடுத்துக்கொண்டிருக்கும்போது அவன் கல்லைச் சாண் போட்டு அளந்து நோட்டில் வரைந்துகொண்டிருப்பான்.

பஸ்ஸில் சார் நம்பர் கூப்பிடத் தொடங்கியபோது சிவசங்கரின் போனுக்கு மெசேஜ் வந்தது. ‘மச்சான், ரெண்டு நிமிஷம். வந்துட்டேன்.’

வகுப்பில் கூப்பிடுவதுபோலவே சார் தலை நிமிராமல் கூப்பிட்டுக்கொண்டு போனார். பூவரசனின் நம்பர் முப்பத்தேழு. அதைக் கூப்பிட்டதும் சிவசங்கர் குனிந்து, வாயைக் கையால் மூடி, குரலை மாற்றி, "யெஸ் சார்" என்றான். மூன்றரை வருஷப் பழக்கம். ப்ராக்ஸி கொடுக்காதவனை அந்தக் காலேஜில் யாரும் நண்பன் என்றே சேர்ப்பதில்லை. இவனுக்கு டைபாய்டு வந்தபோது பூவரசன் பதினெட்டு நாள் இவன் நம்பருக்கும் சேர்த்துக் குரல் கொடுத்திருக்கிறான்.

நாற்பத்திரண்டு வந்தது. கதவு மூடியது. பஸ் நகர்ந்தது. அப்போதாவது எழுந்து கத்தியிருக்கலாம். கத்தினால் இரண்டு பேரும் மாட்டிக்கொள்வோம், அந்த ஊரிலிருந்து வேறு பஸ் உண்டு, அவன் எப்படியும் வந்துவிடுவான் என்று உட்கார்ந்துவிட்டான். பாவி, ரூம் தண்டனைக்குப் பயந்தான். பத்து நிமிஷம் கழித்துக் கூப்பிட்டால் பூவரசனின் போன் ஸ்விட்ச் ஆஃப். அந்தக் குளிரில் பேட்டரி எல்லாருக்குமே அடிக்கடி செத்துக்கொண்டிருந்தது.

ஹோட்டலில் சாவி வாங்க ஆள் வராதபோதுதான் சார் பதறினார். "பஸ்ல இருந்தானே, யாருடா கடைசியா பாத்தது?"

"வழியில பெட்ரோல் பங்க்ல பஸ் நின்னப்ப காபி குடிக்க இறங்கினான் சார். நான் பாத்தேன்" என்றான் சிவசங்கர். ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது தானாக வந்தது.

போலீஸ் நாயோடு வந்து அந்த பங்க்கைச் சுற்றித் தேடியது. இவனும் ஆளோடு ஆளாக டார்ச் பிடித்துக்கொண்டு, "பூவரசா, பூவரசா" என்று பனிக்காட்டைப் பார்த்துக் கூப்பிட்டான். அவன் அங்கே இல்லை என்று தெரிந்தே கூப்பிட்டான். மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கோட்டைக் கதவைத் திறக்க வந்த காவலாள்தான் அகழிக்குள் பார்த்தார். பஸ் போய்விட்டதைக் கண்டு, குறுக்கே இறங்கி ஊருக்குள் ஓடப் பார்த்திருக்கிறான். வழுக்கிக் கால் முறிந்திருக்கிறது.

காலேஜ் விசாரணை சுருக்கமாக முடிந்தது. முப்பத்தேழுக்கு நேராக டிக் இருந்தது, சிவசங்கரின் வாக்குமூலமும் இருந்தது. மாணவன் சொல்லாமல் இறங்கி, யாருடைய வண்டியிலோ ஏறித் திரும்பப் போயிருக்கிறான், கவனக்குறைவு அவனுடையது என்று பெற்றோருக்குக் கடிதம் போனது.

காவிரிக்கரை அம்மா மண்டபத்துப் படித்துறைக்கு இவன் வந்து சேர்ந்தபோது ஐயர் முடித்துவிட்டிருந்தார். பூவரசனின் அப்பா நல்லதம்பி, பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், மகனுக்கான பிண்டத்தை முழங்கால் தண்ணீரில் கரைத்துவிட்டு ஈர வேட்டியோடு ஏறி வந்தார். சிவசங்கரைப் பார்த்ததும் கையைக் காட்டி ஓரமாகக் கூப்பிட்டார்.

"தம்பி, நீதான் அவன் இறங்கினதப் பாத்தியாம். எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. அந்த பங்க்லேருந்து கோட்டைக்கு முப்பத்திரண்டு கிலோமீட்டர். மேப்ல போட்டுப் பாத்தேன். பாஷை தெரியாத ஊர்ல, இருட்டுல, எதுக்குத் திரும்பிப் போனான்?"

நல்லதம்பி வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டே தொடர்ந்தார்.

"பொண்ணு ஏதாச்சும் இருந்தா சொல்லிடுப்பா. குடிச்சிருந்தாலும் சொல்லிடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். டாக்டர் ரிப்போர்ட்டப் படிச்சுக் காட்டினாங்க. விழுந்ததுல சாகலயாம். குளிருதான். விடியக்காலம் அஞ்சு மணி வரைக்கும் உசுரு இருந்திருக்கு."

இது சிவசங்கருக்குத் தெரியாது. விழுந்த உடனே போய்விட்டான் என்றுதான் இத்தனை நாளும் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தான். அஞ்சு மணி. அந்நேரம் இவன் பங்க்குக்குப் பின்னால் நின்று அவன் பெயரைக் கூவிக்கொண்டிருந்தான்.

"அவன் பஸ்லயே ஏறல அப்பா" என்றான்.

நல்லதம்பிக்கு உடனே பிடிபடவில்லை. "டிக் அடிச்சிருக்கே?"

"நான்தான் அவனுக்காக யெஸ் சார் சொன்னேன். பங்க்ல இறங்கினான்னு சொன்னதும் பொய்தான்."

"அப்ப ராத்திரி பூரா தேடினீங்களே?"

"நானும் அங்கதான் தேடினேன் அப்பா."

"அவன் கோட்டையில நிக்கிறான்னு தெரிஞ்சுகிட்டு?"

சிவசங்கர் தலையை ஆட்டினான். அடி விழும் என்று நினைத்தான், விழுந்தால் தேவலை என்றுகூட இருந்தது. நல்லதம்பி அடிக்கவில்லை. ஈரப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"சொல்லாம கொள்ளாம இறங்கிப் போன பயன்னு ஒரு மாசமா அவனத் திட்டிக்கிட்டிருக்கேன்டா. பொட்டி வந்து சேரவே ரெண்டு வாரமாச்சு. கொள்ளி வைக்கிறப்பகூட மனசுக்குள்ள திட்டிக்கிட்டேதான் வெச்சேன்."

அவர் அழுததை ஒரு மாதத்தில் யாரும் பார்த்ததில்லை. இப்போது துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

பூவரசனின் அம்மா பொன்னுத்தாய் மேல்படியிலிருந்து இறங்கி வந்தாள். அவர் ஒருவழியாக அழுகிறாரே என்று அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். சிவசங்கரின் தோளைத் தொட்டாள். "வயிறு சரியில்லன்னாங்களே, ஏன் தம்பி அலைஞ்ச? வீட்டுக்கு வா, உனக்குத் தனியா மிளகு ரசம் வெக்கச் சொல்லிருக்கேன்."

நல்லதம்பி நிமிர்ந்தார். "அவகிட்டயும் சொல்லு. எனக்கு வாய் வராது. நீயே சொல்லு."

சொன்னான். மெசேஜ் வந்ததிலிருந்து டார்ச் பிடித்தது வரைக்கும் ஒன்றையும் விடாமல் சொன்னான். அவள் தோளிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள். சபிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தான். அவளுக்கு அதெல்லாம் தோன்றவில்லை, வேறொன்று தெரிய வேண்டியிருந்தது.

"அவன் ஏறலன்னு உனக்குத் தெரியும்கிறது அவனுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்மா."

"அப்ப அஞ்சு மணி வரைக்கும், நீ சொல்லி யாராச்சும் வருவாங்கன்னுதான் பாத்துக்கிட்டுக் கெடந்திருப்பான். இல்லப்பா?"

இதுவரை சொன்ன பொய்யெல்லாம் தனக்காகச் சொன்னது. இப்போது இவளுக்காக, இல்லம்மா என்று ஒன்று சொல்லலாமா என்று தோன்றியது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பொன்னுத்தாய் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா" என்றான்.