தகடு நிறைந்துவிட்டது

ஹாஃபிஸாவுக்கு அந்தத் தகட்டைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. உள்ளங்கை அகலச் செம்புத் தகடு, நடுவில் ஒரு கறுப்பு வில்லை. நீடாமங்கலத்துக் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு ஒருத்தன் விற்றுவிட்டுப் போயிருந்தான். கிரானைட் தரையிலிருந்து ரேடான் என்கிற விஷவாயு கிளம்புகிறதாம். வளைகுடாக் காசில் கட்டிய வீடுகளில்தான் அது அதிகமாம். தகடு அதை உறிஞ்சிவிடுமாம். ஜன்னலை மட்டும் இறுக மூட வேண்டுமாம், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு ரேடானும் உள்ளே வந்துவிடுமாம். அடப்பாவி! ஜன்னலைத் திறந்தால் போய்விடுகிற வாயுவுக்கு ஜன்னலை மூடச் சொல்லியிருக்கிறான்.

அவளைப் பெற்ற அத்தா சேக் தாவூது மாதக்கணக்காக இருமிக்கொண்டிருந்தார். குவைத்தில் கிரேன் ஓட்டிய நாளில் பிடித்த சிகரெட், ஊர் திரும்பியும் விரலை விட்டுப் போகவில்லை. மகன் ஃபாஜில் ஷார்ஜாவிலிருந்து பணம் அனுப்பி, தரை முழுக்கக் கிரானைட் போட்டுக் கொடுத்த வீடு. இப்போது கட்டிலுக்கடியில் தகடு, ஜன்னல் ஓரமெல்லாம் டேப், உள்ளே ஏசி, வாயில் சிகரெட். அறைக்குள் நுழைந்தால் சாம்பல் கிண்ணத்துக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும். வாஷ்பேசினில் அவர் துப்பிய சளியில் ரத்தம் கிடந்ததை அவள் கண்ணால் பார்த்தாள்.

"தஞ்சாவூர் போய் ஒரு ஸ்கேன் எடுத்துடலாம் அத்தா."

"எதுக்கும்மா? தகடு வாங்கிக் கொஞ்ச நாள்தானே ஆவுது. அது உறிஞ்ச டயம் வேணும்ல."

"சிகரெட்டையாவது விடுங்க."

"எங்க அத்தா கட்டுக் கட்டா பீடி குடிச்சாங்க. நல்லாத்தான் இருந்தாங்க. அவங்க வீடு சிமெண்டுத் தரை."

இவரிடம் என்னத்தைப் பேசுவது? நன்னிலம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறவள் அவள். தெரு வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாக ஒழுங்காகப் பேசிப் போட்டாள். "ரேடான் உண்மைதான். மண்ணுலேர்ந்தும் கல்லுலேர்ந்தும் வரும். நுரையீரல்ல புற்றுநோய்கூட வரலாம். ஆனா கிரானைட் தரையிலேர்ந்து வர்றது ரொம்பக் கொஞ்சம். ஜன்னலைத் திறந்து வச்சாப் போதும். சிகரெட்டுதான் பெரிய எமன். தகடு எதையும் உறிஞ்சாது."

மறுநாளே அவள் குரல் ஊரெல்லாம் சுற்றியது. 'புற்றுநோய்கூட வரலாம்' வரைக்கும்தான். தகட்டுக்காரன் மிச்சத்தை நறுக்கி எறிந்துவிட்டு, 'இயற்பியல் ஆசிரியையே ஒப்புக்கொள்கிறார்' என்று தலைப்பு போட்டிருந்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டது போலாயிற்று. முழுசையும் திரும்பப் போட்டாள். அதைக் கேட்க யாருக்குப் பொறுமை? அம்மா மெஹராஜ் பேகம்கூட, "நீயே உண்மைன்னுதானே சொன்னே?" என்றாள்.

அன்று சாயங்காலம் அத்தாவின் கைக்குட்டையில் மறுபடியும் ரத்தம். ஹாஃபிஸா கட்டிலுக்கடியிலிருந்து தகட்டை இழுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு, வாய் கூசாமல் சொன்னாள்.

"அத்தா, தகடு நிறைஞ்சிருச்சு. நிறைஞ்ச தகட்டுக்கு மேல படுத்தவங்க உடனே நெஞ்சுல ஸ்கேன் எடுத்துப் பார்க்கணும்."

அவர் பேயறைந்தவர் போல எழுந்தார். "இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று சட்டையைத் தேடினார். சீ, இவ்வளவுதானா என்று இருந்தது அவளுக்கு. இத்தனை நாள் தொண்டை கிழியச் சொன்ன நிஜம் அவரைக் கட்டிலை விட்டு அசைக்கவில்லை. ஒரு அழுகின பொய் பஸ் ஏற்றிவிட்டது.

தஞ்சாவூரில் டாக்டர் படத்தைக் காட்டினார். வலது பக்கம் ஒரு கட்டி. "சின்னதா இருக்கறப்பவே வந்துட்டீங்க, எடுத்துடலாம்" என்று ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார். திரும்பும் வழியில் அத்தா ஃபாஜிலுக்குப் பேசிப் போட்டார்.

"தகடுதாம்ப்பா காட்டிக் குடுத்துச்சு. இனிமே டாக்டரு சொல்றபடி நடக்குறேன். ஒங்கக்காவே பார்த்துச் சொன்னா."

இப்போது உண்மையைச் சொன்னால் மனுஷன் ஆபரேஷனும் வேண்டாம் என்று மறுபடி கட்டிலில் சாய்ந்துவிடுவார். அதனால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ராத்திரியே சேதி தெருவெல்லாம் பரவியிருந்தது. விடிந்ததும் வாசலில் பெண்கள். எதிர்வீட்டு ஷம்சாத் முன்னால் நின்றாள். ஆளுக்கொரு தகடு கையில்.

"டீச்சர், எங்களுது நிறைஞ்சிருச்சான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

உள்ளே நாற்காலியிலிருந்து அத்தா பார்த்துக்கொண்டிருந்தார். ஹாஃபிஸா ஷம்சாத்தின் தகட்டை வாங்கினாள். பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. அப்படியே சாக்கடையில் வீசத் தோன்றியது.

"இன்னும் நிறையல," என்றாள். "ஜன்னலைத் திறந்து போட்டாத்தான் இது வேலை செய்யும். வீட்டுக்குள்ள யாரும் சிகரெட் குடிச்சா கெட்டுப் போயிடும்."

ஷம்சாத் தலையாட்டினாள். "டீச்சர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."