பிழையெண்டாலும் சத்தம் வரட்டும்

வாப்பாவின் உடலைச் சுமந்த சந்தூக்கு முன்வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. அறை வாசலில் தொங்கிய திரைச்சீலைக்குள்ளிருந்து உம்மாவின் கை மட்டும் வெளியே வந்து ஜவுபரின் சட்டையைப் பின்பக்கமாகப் பிடித்திருந்தது. அவன் ஓரடி முன்னே வைத்தான். சட்டை வரவில்லை. கழுத்துப் பொத்தான் தொண்டையை அழுத்தியது.

“உடுங்க உம்மா.”

“போகாத மனே. அங்க உழுந்தியண்டா ஆரு பாக்கிற?”

“உழ மாட்டன்.”

“நீயா சொல்லுற, உழுகிறதும் உழாததும்?”

கலிமாச் சத்தம் ஒழுங்கைக்குள் இறங்கி நகரத் தொடங்கியது. காலையில் புருஷனை இழந்து, பின்னேரத்துக்குள் வெள்ளைச் சீலையுடுத்து இத்தாவில் இருந்துவிட்டாள் உம்மா. இனி மாதக்கணக்கில் அந்தத் திரையைத் தாண்டி ஆண்கள் நிற்கும் இடத்துக்கு அவளால் வர முடியாது. அதனாலேயே பிடி அப்படி இறுகியிருந்தது.

உம்மாவின் தம்பி ஹமீட் மாமா தெருவிலிருந்து திரும்பி ஓடிவந்தார். தொப்பி ஒருபக்கம் சரிந்திருந்தது. அக்காவைத் தாத்தா என்றுதான் அவர் கூப்பிடுவார்.

“தாத்தா, உடுங்க அவன. ஒத்தப் புள்ள. வாப்பாட மையித்துக்குப் பின்னால அவன் போகாம, அடுத்த வீட்டானா போற? நான் கையப் புடிச்சிக்கிறன்.”

“உட மாட்டியே?”

“உட மாட்டன்.”

“குழிக்கிட்ட மட்டும் கொண்டு போயிராத, ஹமீட். தூரத்தில வெச்சிக்க.”

மாமா அவனுடைய மணிக்கட்டைப் பிடித்த பிறகுதான் திரைக்குள்ளிருந்த கை சட்டையை விட்டது.

ஜவுபருக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. வாப்பாவின் முகத்தை இன்னொரு தடவை கிட்டத்தில் பார்க்க வேண்டும். குளிப்பாட்டும்போது விடவில்லை. கபன் துணி சுற்றும்போதும் விடவில்லை. “பயந்திருவான், பயந்தா வந்திரும்” என்று சொல்லி அவனைக் குசினிக்குள் உட்கார வைத்தார்கள். எல்லாரும் எதற்காக இப்படி அவசரப்படுகிறார்கள் என்று அவனுக்கு விளங்கவேயில்லை. கல்முனையிலிருந்து வந்த டொக்டர் வாப்பாவின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார், விட்டார், தலையை ஆட்டினார். அவ்வளவுதான். ஜவுபரும் எத்தனை தடவை அப்படிக் கிடந்திருக்கிறான்! கண் திறந்திருக்கும், கூப்பிட்டால் கேட்காது, கை கால் சில்லென்று ஆகிவிடும் என்று உம்மா சொல்வாள். பிறகு எழும்பியிருக்கிறானே. ஒவ்வொரு தடவையும் எழும்பியிருக்கிறானே.

மாமாவின் கை வியர்த்து வழுக்கியது. வழுக்க வழுக்க அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார். பள்ளிவாசல் மூலையில் நின்ற இரண்டு பொடியன்கள் அவனைப் பார்த்தார்கள்.

“அங்க பார்ரா, வீட்டுப் பள்ளிக்கூடத்து ஹெட்பிறிபெக்ட் போறார்.”

“சும்மா இரிடா. வாப்பா மவுத்துடா அவனுக்கு.”

“அப்ப பள்ளிக்கூடத்துக்கு லீவா?”

ஜவுபர் தலையைக் குனிந்துகொண்டான். சூறாவளி பள்ளிக்கூடத்துக் கூரையைக் கொண்டுபோன அடுத்த வருஷம், ஓலைக் கொட்டிலில் நடந்த வகுப்பில்தான் அவன் முதல் தடவையாக வலிப்பு வந்து விழுந்தான். பிறகும் விழுந்தான். “மத்தப் புள்ளயள் பயப்பிடுதுகள், காக்கா” என்று ஹெட்மாஸ்டர் வாப்பாவிடம் பதமாகச் சொன்னார். அவனுக்கு முன்னாலும் பின்னாலும் உம்மாவுக்கு ஒரு பிள்ளையும் தங்கவில்லை. நெல் மில்லில் கிளாக்கராக இருந்த வாப்பா அபூசாலி, மகனின் புத்தகங்களைச் சைக்கிள் கரியரில் கட்டி, மகனை முன்பாரில் ஏற்றி, வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து, மில்லுக்குப் போகுமுன் வாப்பாவே வாத்தியார். கிணற்றடிக்கு இல்லை, கடலுக்கு இல்லை, விளையாட்டுக்கு இல்லை. இந்தப் பதினான்கு வயதுவரைக்கும் அவன் தனியே கடைக்குப் போனதில்லை.

வாப்பாவின் பாடத்தில் ஒரு சட்டம் இருந்தது. கேள்வி கேட்டால் உடனே பதில் வர வேண்டும். ஜவுபர் யோசிக்கத் தொடங்கினால் வாப்பாவுக்குப் பயம் வந்துவிடும். புத்தகத்தை விட்டு அவன் கண்ணைப் பார்ப்பார். கதிரையை விட்டு எழும்புவார். ஒரு கை அவன் பிடரிக்குப் பின்னால் வந்து காத்து நிற்கும்.

“பிழையெண்டாலும் சத்தம் வரட்டும் மனே.”

அதனால் வாயில் வந்ததைச் சொல்ல ஜவுபர் பழகிக்கொண்டான். “பிழை” என்று வாப்பா சொல்லும்போது அவர் முகத்தில் ஓர் ஆறுதல் தெரியும். திரும்பக் கதிரையில் உட்காருவார். சரியான விடை எப்போதும் இரண்டாவதாகத்தான் வந்தது.

இன்று காலை வாப்பா கேட்டார், “மகாவலி கங்கை எங்க போய்க் கடல்ல உழுது?”

“மட்டக்களப்பு.”

பிழை என்ற சத்தத்துக்காக ஜவுபர் காத்திருந்தான். வரவில்லை. வாப்பா வழக்கம்போல அவன் கண்ணையே பார்த்தபடி இருந்தார். யோசிப்பதற்கு முதல் தடவையாக நேரம் தருகிறார் என்று அவன் நினைத்தான். நினைத்துச் சந்தோஷப்பட்டான்.

“பொறுங்க வாப்பா. திருகோணமலை. கொட்டியாரக் குடா.”

வாப்பா கதிரையில் மெல்லச் சாய்ந்தார். தலை ஒருபக்கம் விழுந்தது.

தனக்கு வருவது வாப்பாவுக்கும் வந்துவிட்டது என்றுதான் ஜவுபர் நினைத்தான். தனக்கு என்ன செய்வார்களோ அதைச் செய்தான். அவரைப் பாயில் இறக்கினான். ஒருக்களித்துப் படுக்க வைத்தான். சேர்ட்டின் மேல் பொத்தானைக் கழற்றினான். இரும்பு பிடித்தால் வலிப்பு அடங்குமென்று உம்மா தனக்கு வைப்பதுபோல அலுமாரித் திறப்புக் கோர்வையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தான். உம்மாவைக் கூப்பிடவில்லை. கூப்பிடக் கூடாது. “கத்தாத றாஹிலா, தன்பாட்டில எழும்புவான், அவன் எழும்பக்குள்ள நாம அழுதுகொண்டு நிண்டா அவனுக்கு வெக்கமா இரிக்கும்” என்று வாப்பாதான் ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

உம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு வரும்வரைக்கும் அவன் அங்கேயே இருந்தான்.

பிறகு வீடு நிறைந்தது. குளிப்பாட்ட வந்தவர்கள் வாப்பாவின் விரல்களைப் பிரித்துத் திறப்பை எடுத்து உள்ளே அனுப்பினார்கள். பக்கத்து வீட்டு உம்மு மாமி அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

“பாத்தீங்களா புள்ள, ரூஹ் போகக்குள்ளயும் அலுமாரித் திறப்ப உடல்ல மனிசன்!”

“மில்லுக்காரன்ட காசெல்லாம் உள்ளுக்குத்தான் போல.”

“காசா? மகன்ட கொப்பியளாத்தான் இரிக்கும்.”

உம்மா திறப்பை வாங்கிச் சீலைத் தலைப்பில் முடிந்தாள். குசினி மூலையில் இருந்த ஜவுபரை ஒரு தடவை பார்த்தாள். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்கப் போகிறாள் என நினைத்தான். அவள் கேட்கவில்லை.

மையவாடி கடற்கரையை ஒட்டியிருந்தது. தொழுகை முடிந்து சந்தூக்கை இறக்கியபோது வெயில் தணிந்திருந்தாலும் மணலின் சூடு போகவில்லை. செருப்பையெல்லாம் வாசல் படலைக்கு உள்ளே அங்கங்கே கழற்றிவிட்டு ஆட்கள் குழியைச் சுற்றி நின்றார்கள். மாமா சொன்னபடியே அவனைத் தூரத்தில் ஒரு பூவரச மரத்தடியில் நிறுத்தினார்.

“இஞ்சயே நில்லு. மண்ணுப் போட மட்டும் வருவம்.”

“நான் பாக்கணும் மாமா.”

“எதப் பாக்கிற?”

“வாப்பாட முகத்த.”

“காலையில இருந்து பாத்துக்கொண்டுதானே இரிந்தாய்.”

“இல்ல மாமா. அவங்க என்னப் பாக்க உடல்ல.”

மாமா கடல் பக்கம் பார்த்தார். கையை மட்டும் விடவில்லை.

குழிக்குள் இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் வாப்பாவின் தம்பி கபூர் சாச்சா. மற்றவர் கபுறு வெட்டுகிறவர். கபுறு வெட்டுகிறவர் நிமிர்ந்து கூப்பிட்டார். “தலமாட்டுக்கு இன்னொராள் வேணும். சொந்தக்காரன் ஆரும் இறங்குங்க.”

ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மாமாவும் பார்த்தார். அந்தப் பார்வையில் பிடி கொஞ்சம் தளர்ந்தது. ஜவுபர் கையை உருவிக்கொண்டு ஓடினான்.

“டேய்! புடிங்கடா அவன!”

விளிம்பில் நின்றவர்கள் திரும்புவதற்குள் அவன் உட்கார்ந்து சறுக்கி உள்ளே விழுந்தான். மணல் பொலபொலவென்று பின்னால் சரிந்தது. உள்ளே ஈரமாக, குளிராக இருந்தது. மேலே முகங்கள் நெருங்கி வந்து வெளிச்சத்தை மறைத்தன.

“ஏறுடா மேல! ஒங்கும்மாக்கு நான் என்ன பதில் சொல்லுற? கபூர், தூக்கி உடுங்க அவன!”

“வலிப்பு வந்தா என்ன செய்யிற? குழிக்குள்ளடா, அல்லாஹ்வே!”

கபூர் சாச்சா அவன் தோளைப் பிடித்தார். ஜவுபர் சுவரோடு ஒட்டி நின்றான். உண்மையில் வந்துவிடுமோ என்று அவனுக்கும் பயமாகத்தான் இருந்தது.

பள்ளிவாசல் லெவ்வை குழியோரம் வந்து குனிந்தார். “சத்தம் போடாதீங்க. இது என்ன சந்தையா? மகன் இறங்கிட்டான். மையித்தக் குடுங்க.”

வாப்பா இறங்கி வந்தார். தலைப்பக்கத்தை ஜவுபர் இரண்டு கையாலும் ஏந்தினான். இவ்வளவு பாரமாக இருப்பார் என்று அவன் நினைக்கவில்லை. கீழே கிடத்தினார்கள். கபனின் முடிச்சுகளைச் சாச்சா அவிழ்த்தார்.

“வலப்பக்கம் சாய்க்கணும். சாய்ங்க, சாய்ங்க.”

சாச்சா தள்ளினார். உடல் திரும்ப மல்லாந்தது. இன்னும் ஒரு தடவை தள்ளினார். அதுவும் நிற்கவில்லை. ஜவுபர் ஒரு கையைத் தோளுக்குக் கீழே கொடுத்தான், தன் முழங்காலை முதுகுக்கு முட்டாக வைத்தான், மெல்ல உருட்டினான். வாப்பா சரியாமல் நின்றார். சாச்சா முதுகுக்குப் பின்னால் மண்கட்டிகளை அடுக்கினார். தலைப்பக்கத் துணியை விலக்கிக் கன்னத்தை மண்ணில் வைக்க வேண்டியது ஜவுபரின் வேலையாக இருந்தது.

விலக்கினான்.

மூக்கில் பஞ்சு இருந்தது. அத்தர் மணத்தது. சவரம் செய்யாத கன்னம். கண்கள் மூடியிருந்தன. அவன் குனிந்து, சாச்சாவுக்குக்கூடக் கேட்காத சத்தத்தில் “வாப்பா” என்றான். காத்திருந்தான்.

“ஜவுபர்!” மாமா மேலிருந்து கூப்பிட்டார்.

அவன் வாப்பாவின் இமையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஜவுபர்! டேய்! கதைடா!”

“வந்திட்டுது போல. கண்ணப் பாருங்க கபூர்.”

“மனே, என்னடா? கதை மனே.”

ஜவுபர் கதைக்கவில்லை. வாழ்க்கையில் எந்தப் பதிலுக்கும் அவன் இவ்வளவு நேரம் எடுத்ததில்லை. மேலே யாரோ நகர்ந்ததில் கொஞ்சம் மணல் உதிர்ந்தது. ஒரு பருக்கை வாப்பாவின் இமை மயிரில் வந்து தங்கியது. இமை துடிக்கவில்லை. ஜவுபர் பார்த்தான். மற்றொரு பருக்கை. அதுவும் அங்கேயே கிடந்தது.

அவன் இரண்டையும் ஊதிவிட்டான். கன்னத்தை மண்ணில் வைத்தான்.

“இரிக்கன் மாமா” என்றான். “ஒண்டுமில்ல.”

அவனைத் தூக்கி எடுத்தார்கள். மாமா அவனைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார், ஏசவில்லை. மூடுபலகைகள் இறங்கின. மூன்று பிடி மண் போட்டான். பிறகு மண்வெட்டிகள். குழி நிறைந்து மேடாயிற்று. அடையாளத்துக்கு மீசான் கட்டை நட்டார்கள். குடத்துத் தண்ணீரை ஊற்றினார்கள்.

லெவ்வை தலைமாட்டில் குந்தித் தல்கீன் ஓதத் தொடங்கினார். கபுறுக்குள் மலக்குமார், வானவர்கள், வந்து கேட்கப் போகிற கேள்விகளையும் சொல்ல வேண்டிய பதில்களையும் மவுத்தானவருக்குச் சொல்லிக்கொடுப்பது அது. அரபுதான், ஆனால் ஜவுபருக்கு அர்த்தம் தெரியும். வாப்பாவே சொல்லித் தந்தவை. உன் ரப்பு யார் என்று கேட்டால் அல்லாஹ் என்று சொல். உன் நபி யார் என்று கேட்டால் முஹம்மது என்று சொல். லெவ்வை நிறுத்தாமல் ஓதினார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. ஜவுபர் நிலைகொள்ளாமல் கால் மாற்றி நின்றான். வாப்பாவுக்குக் கேட்டுத்தான் பழக்கம். பதில் சொல்லிப் பழக்கமில்லை. வீட்டில் ஒரு நாளாவது அவரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

துஆ முடிந்தது. ஆட்கள் படலையை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். ஜவுபர் நின்றான்.

“வா மனே. உம்மா வாசலப் பாத்துக்கொண்டு இரிப்பா.”

“கொஞ்சம் பொறுத்துப் போவம் மாமா.”

“நிக்கப்படாது. எல்லாரும் போகணும். ஆக்கள்ட செருப்புச் சத்தம் மையித்துக்குக் கேக்குமாம். அது அங்கால போய் முடிஞ்ச உடனே மலக்குமார் ரெண்டு பேரும் வந்திருவாங்க, கேள்வி கேக்க.”

“அப்ப சத்தம் முடியாட்டி?”

மாமா அவனைப் பார்த்தார். “முடியாம எப்பிடி? வா.”

மாமா முன்னால் நடந்தார். இந்தத் தடவை கையைப் பிடிக்கவில்லை. பிடிக்க மறந்துவிட்டாரா, வேண்டாமென்று விட்டாரா தெரியவில்லை. ஜவுபர் படலைக்கு உள்ளே கிடந்த தன் றப்பர் செருப்பைத் தேடிப் போட்டான். ஓரடி வைத்தான். செருப்பு குதியில் பட்டுச் சளாரென்றது.

அவன் நின்றான். மற்றவர்களின் செருப்புகள் ஒவ்வொன்றாகத் தெருவில் ஏறித் தேய்ந்துகொண்டிருந்தன. தன் செருப்பு போகும் சத்தம் கேட்காவிட்டால் மகன் இன்னும் நிற்கிறான் என்று மலக்குமார் பொறுப்பார்கள், வாப்பாவுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். அவன் குனிந்து இரண்டையும் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். நுனிக்காலை முதலில் வைத்து, மணலில் பாரம் கொடுக்காமல், மெல்ல நடந்தான்.

“நெருஞ்சிடா அது!” மாமா தெருவிலிருந்து கத்தினார். “செருப்பப் போடு!”

ஜவுபர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினான். குதியில் ஒரு முள் ஏறியது. அடுத்த அடியில் இன்னொன்று. தெருத் தாரில் கால் படும்வரைக்கும் அவன் எதையும் எடுக்கவில்லை.