பொய் மிஷினின் தாமதம்

ராஜபாளையத்து நூல்மில் ஆபீசில் அந்தக் கம்ப்யூட்டர் அன்றாடச் சம்பளக் கணக்கை முடிப்பதற்குள் மனுஷனுக்கு வயசாகிவிடும். அதைப் பார்த்துக்கொள்ளும் தவசிமுத்துவுக்கு மட்டும் அது இன்னும் மெதுவாக ஓடினாலும் சம்மதம்தான். தினமும் சாயங்காலம் அது ஓடி முடியும்வரை, கணக்கை வாங்கிப் போகக் கணக்குப் பிரிவு சௌந்தரவல்லி எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள்.

தொண்ணூற்று மூன்றில் வாங்கிய யூனிக்ஸ் மிஷின் அது. பழைய சம்பள புரோகிராமோ டாஸ் என்கிற வேறு சிஸ்டத்தில்தான் ஓடுவேன் என்று அடம்பிடித்தது. அதனால் நிஜ மிஷினுக்குள் ஒரு பொய் டாஸ் மிஷினை உண்டாக்கி, அதற்குள் ஓடவிட்டிருந்தார்கள். பொய் மிஷினின் டிஸ்க்கும் பொய்தான். நிஜ டிஸ்க்கில் கிடந்த ஒரு பெரிய ஃபைல். ஒவ்வொரு தொழிலாளியின் கணக்கை எழுதவும் அது நிஜ மிஷினிடம் கேட்டுவிட்டு, எழுதியாயிற்று என்று பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். எப்படி உருப்படும்?

வழி தவசிமுத்துவுக்குத் தெரியும். டிஸ்க்கில் ஒரு பகுதியைப் பிரித்துப் பொய் மிஷினுக்கே நேராகக் கொடுத்துவிட வேண்டும். கணக்குகளை மெமரியில் சேர்த்து மொத்தமாக எழுத வேண்டும். தெரிந்தும் மகராசன் வாயைத் திறக்கவில்லை. அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் கைங்கரியக்காரர் மகள். இவன் சேத்தூரில் வெள்ளாமை பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. சாதி விட்டுச் சாதி பெண் கேட்டுப் போக முடியுமா? அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று இருந்தான். போதவில்லை என்பதுதான் நிஜம்.

ஒருநாள் அவள் பெருமூச்சு விட்டாள். "இன்னும் எம்புட்டு நேரம் சார் ஆகும்? வீட்டுல தினமும் ஏச்சு வாங்குதேன்."

அவனுக்குச் சுருக்கென்றது. நம்ம ஆசைக்கு இந்தப் பிள்ளை கஷ்டப்படுகிறதே என்று, ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்து எல்லாவற்றையும் மாற்றினான்.

மறுநாள் காப்பி ஆறுவதற்குள் கணக்கு முடிந்தது. பக்கத்தில் நின்று பார்த்த முதலாளிக்கு வாயெல்லாம் பல். "பலே தவசி! இனிமே அந்தப் பொண்ணு காத்துக் கெடக்க வேண்டாம். வெளிச்சத்தோட வீட்டுக்குப் போகட்டும்."

அவர் போன பிறகும் சௌந்தரவல்லி பையை எடுக்கவில்லை.

"இனிமே ஏச்சு வாங்க வேண்டாமே," என்று சிரிக்கப் பார்த்தான் தவசிமுத்து.

"உங்கள யாரு செய்யச் சொன்னது?" அவள் குரல் உடைந்தது. "அம்புட்டு ஏச்சும் வாங்கிக்கிட்டு எதுக்கு உக்காந்திருந்தேன்னு ஒருநாளாச்சும் யோசிச்சியளா? மிஷின் முடியலன்னு சொன்னா வீட்டுல நம்புனாவ. இனிமே என்னத்தச் சொல்ல?"

அவன் கீபோர்டைப் பக்கத்தில் இழுத்தான். "பழையபடி ஆக்கிருதேன்..."

"முதலாளிதான் கண்ணால பாத்துட்டாவளே. இனிமே மெதுவா ஓடுனா உங்க வேலை போயிரும்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் பஸ்ஸுக்குப் போனாள். அவளுக்கும் தன்மேல் ஆசை இருந்தது என்று தெரிந்த அன்றைக்கே அவளைச் சீக்கிரமாக வீட்டுக்கு அனுப்பிவைத்தான், பாவி.