கேலனுக்கு இருபத்தொன்று

1

இந்தக் கதை என் கடையில் பிறந்தது. தானாகப் பிறந்ததாகச் சொல்வதுகூட ஏமாற்று வேலைதான், பெற்றவன் நான்.

மொன்டானாவின் கிழக்கே ஆல்டன் என்ற ஊரில் பத்தொன்பது வருடமாகப் பெட்ரோல் பங்க் நடத்துகிறேன். ஊரில் என்னை வைத்தி என்று கூப்பிடுவார்கள். நான்கு குழாய், ஒரு காபி மேடை, ஆறு நாற்காலி. குளிர்காலத்தில் ஊர் ஆம்பளைகள் அந்த நாற்காலிகளை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். பேச்சு ஒன்றே ஒன்றுதான்: யாருடைய பிக்கப் வண்டி கேலனுக்கு எத்தனை மைல் தருகிறது. வண்டி வாங்கும்போது கண்ணாடியில் ஒட்டிவரும் காகிதம் ஒரு எண்ணைச் சொல்லும், எங்கள் சாலை வேறொன்றைச் சொல்லும். எதிர்காற்றில் அந்த வண்டிகள் ஒரு சுவரைத் தள்ளிக்கொண்டு போவது மாதிரிதான் போகும். ஆனாலும் என் மேடையில் காபி குடிப்பவர்களில் ஒருவருக்கும் பதினெட்டுக்குக் குறைந்து கிடைத்ததாகச் சரித்திரமே கிடையாது.

மூன்று வருடத்துக்கு முன்பு நான் சுவரில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டினேன். பெயர், பக்கத்தில் எண். மாதக் கடைசியில் முதலிடத்தில் இருப்பவருக்கு அடுத்த மாதம் முழுக்கக் காபி இலவசம். வியாபார மூளை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பயந்துகொண்டுதான் எழுதுகிறேன். இது ஏழாவது வரைவு. முந்தைய ஆறும் ஒரே இடத்தில் நின்றுபோயின. அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

2

தொடக்கம் (அ): வானம் வெளுத்திருந்தது. கார்லீன் ட்வெயிட் தன் இரண்டு குதிரைகளையும் டிரெய்லரில் ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்தியபோது தூரத்தில்—

(விட்டுவிட்டேன். எழுதுகிறவன் தயங்கும்போதெல்லாம் வானம் வந்துவிடுகிறது.)

தொடக்கம் (ஆ): ராய்ஸ் ட்வெயிட் பொய் பேசாதவன்.

(இது உண்மை. ஐம்பத்தெட்டு வயதுவரை கோதுமைக் கிடங்கில் எடை போட்டவன், ஒரு பவுண்டு கூடக் குறைய எழுதியதில்லை. அதனால்தான் இந்த வாக்கியத்தையும் விடவேண்டியிருக்கிறது. படிக்கிற உங்களுக்கு அவன்மேல் சந்தேகமே வராது.)

சரி, நேராகவே சொல்கிறேன். போன நவம்பரில் ஹார்லன் கிப் இருபது புள்ளி மூன்று என்று பலகையில் எழுதினான். ராய்ஸின் வண்டித் திரை பதினெட்டில் நின்றது. ஹார்லன் அவனைப் பார்த்து, வண்டிக்கு வயசாயிடுச்சா, இல்ல ஓட்டறவனுக்கா என்று கேட்டான். மேடை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

ராய்ஸ் அன்று வீட்டுக்குப் போய் இரண்டு காரியம் செய்தான். வண்டியின் பின்கட்டில் குளிர்காலத்துக்கென்று எப்போதும் கிடக்கும் பெட்டியை இறக்கினான்: கம்பளி, உள்ளே நுழைந்து படுத்துக்கொள்ளும் தூக்கப்பை, மெழுகுவத்தி, மண்வெட்டி. ஐந்து கேலன் பெட்ரோல் கேனையும் இறக்கினான். எடை குறைந்தால் மைல் கூடும். அது போதாதபோது, வண்டியின் திரையில் எங்கோ ஆழத்தில் ஒளிந்திருக்கும் ஒரு பக்கத்தைத் தேடிப்பிடித்து, அது காட்டும் சராசரியைக் கொஞ்சம் ஏற்றிவைத்தான். மறுவாரம் இன்னும் கொஞ்சம். முதல் தடவைதான் கை கூசுச்சு என்று பின்னால் என்னிடம் சொன்னான். ஜனவரியில் பலகையில் அவன் பெயருக்கு நேரே இருபத்தொன்று இருந்தது.

அந்தச் சராசரியை வைத்துத்தான் வண்டி இன்னொரு எண்ணையும் கணக்கிடுகிறது என்று அவன் யோசிக்கவில்லை. டேங்கில் இருக்கும் பெட்ரோல் இன்னும் எத்தனை மைலுக்கு வரும் என்ற எண் அது.*

* பொய்யைப் புருஷன் பலகைக்காகச் சொன்னான். அதையே வண்டி பெண்டாட்டியிடம் சொன்னது. (இந்த வரியை முன்பு கதையின் கடைசியில் வைத்திருந்தேன். அழகாக இருந்ததால் சந்தேகம் வந்து அடிக்குறிப்பில் தள்ளிவிட்டேன்.)

3

இனி ராய்ஸோடு இருப்போம்.

பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை, பகல் ஒன்றே முக்கால். முழங்கால் ஆபரேஷன் முடிந்து அவன் வீட்டில் கிடந்தான். சினையாக இருந்த குதிரைக்கு இரண்டு நாளாகத் தீனி இறங்கவில்லை. மேற்கே நூற்று நாற்பது மைல் தள்ளி ஃபோர்ட் மெரிலில் இருக்கும் குதிரை டாக்டரிடம் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டு, அவன் மனைவி கார்லீன் அவனுடைய பிக்கப்பில் டிரெய்லரை மாட்டிக்கொண்டு காலையில் கிளம்பியிருந்தாள். அது தனியாக இருந்தால் மிரளும் என்று துணைக் குதிரையையும் ஏற்றிக்கொண்டாள். பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்து போன் செய்யவேண்டும். செய்யவில்லை.

காற்று ஒன்பதரை மணிக்கு எழுந்தது. மேற்கிலிருந்து, தரையிலிருக்கும் பனியையெல்லாம் வாரிக்கொண்டு வந்தது. பதினொன்றரைக்குச் சாலையை மூடினார்கள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது. ராய்ஸ் இதற்கெல்லாம் கலங்குகிற ஆள் இல்லை. கார்லீன் அவனைவிட நன்றாக ஓட்டுவாள். அந்தச் சாலையில் பாதிக்குமேல் போன் எடுக்காது என்பதும் தெரிந்ததுதான். கராஜ் அலமாரியில் வைத்த வலி மாத்திரையைத் தேடி அவன் நொண்டிக்கொண்டு போனான்.

அங்கே சுவரோரமாகப் பெட்டி இருந்தது. அதன்மேல் சிவப்புக் கேன்.

அவன் கேனைத் தூக்கிப் பார்த்தான். நிறைந்திருந்தது. தூக்கப்பையின் வாரை இழுத்துப் பார்த்தான், ஏதோ அது வேறு யாருடையதாகவாவது இருக்கும் என்பதுபோல. எஞ்சின் ஓடுகிறவரைக்கும் அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டான். எஞ்சின் எதுவரை ஓடும் என்ற கேள்வி உடனே பின்னாலேயே வந்தது. தன் வண்டி உண்மையில் எவ்வளவு தருகிறது என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. ஏற்றி ஏற்றி வைத்ததில் பழைய எண் எதுவென்று நினைவில்லை; கொஞ்சநாளாக இருபத்தொன்றை அவனே நம்ப ஆரம்பித்திருந்தான்.

இன்னொன்றையும் நினைத்தான். எஞ்சின் நின்றால் வண்டிக்குள்ளேயே இருக்கவேண்டும். இந்தப் பக்கத்தில் செத்தவர்கள் எல்லாரும் இறங்கி நடந்தவர்கள். ஆனால் பின்னால் குதிரை உதைத்தால் கார்லீன் உட்கார்ந்திருக்க மாட்டாள். போய்ப் பார்ப்பாள். கதவைத் திறந்து பத்தடி போனால் திரும்ப வண்டி கண்ணுக்குத் தெரியாது.

அவன் ஹார்லனைக் கூப்பிட்டான்.

4

ஹார்லன் அவனை என் கடைக்குத்தான் கூட்டிவந்தான், காற்றில் செல்போனை நம்பமுடியாது, அங்கே கம்பிப் போன் இருக்கிறது என்று. மணி இரண்டு பத்து. கடையில் நாங்கள் மூன்று பேர் மட்டும்.

ஷெரிஃப் அலுவலகத்துப் பெண் நிதானமாகப் பேசினாள். பனி தள்ளும் வண்டி ஒன்றுதான் இருக்கிறது, ஆல்டனுக்கும் ஃபோர்ட் மெரிலுக்கும் நடுவழியில் நிற்கிறது. அதைக் கிழக்கே அனுப்பலாம் அல்லது மேற்கே அனுப்பலாம். இரண்டு பக்கமும் முடியாது. அங்கிருந்து கிழக்கே, எங்கள் ஊர்ப் பக்கமாக வந்தால், ஊருக்கு ஐம்பது மைல் இருக்கும்போது எருதுமேடு வளைவு. வண்டிகள் சறுக்கிப் பள்ளத்தில் விழுகிற இடம். மேற்கே ஃபோர்ட் மெரிலை ஒட்டிய வெட்டவெளி. பெட்ரோல் தீர்ந்திருந்தால் கார்லீன் அங்கேதான் நின்றிருப்பாள். ஆகவே போனில் இருந்த பெண்ணுக்கு வேண்டியது இரண்டு எண்: கேலனுக்கு எவ்வளவு, டேங்கில் எவ்வளவு.

(ஐந்தாம் வரைவில் இந்த இடத்தில் ராய்ஸ் உடைந்துபோய் அழுதான். நிஜத்தில் அவன் அழவில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.)

"சொல்லுடா," என்றான் ஹார்லன். "கேக்கறாங்கல்ல."

"எனக்குத் தெரியலடா. அதுல இருக்கறது நான் ஏத்தி வச்சது."

ஹார்லன் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மேடைமேல் வைத்தான்.

"என்னுது மட்டும் என்னவாம்? நான் திரையெல்லாம் தொடல, வாயாலயே ஏத்திக்கிட்டேன். குதிரை டிரெய்லர மாட்டிக்கிட்டு இந்தக் காத்துல போனா எட்டு. உனக்கும் எட்டு, எனக்கும் எட்டு. எட்டுன்னு சொல்லு."

ராய்ஸ் போனில் எட்டு என்றான். டேங்க், என்று கேட்டாள் அந்தப் பெண். நிறைந்திருக்கும் என்றான், வழியில் வைத்தி கடையில் நிரப்பிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுத்தான் கார்லீன் கிளம்பினாள். நிறைந்த டேங்க் இருபத்தாறு கேலன். எட்டால் பெருக்கினால் இருநூறு மைலுக்கு மேல். தூரமோ நூற்று நாற்பது. அப்படியானால் பெட்ரோல் தீர்ந்திருக்க வழியில்லை, சறுக்கித்தான் இருக்கவேண்டும். வண்டியை எருதுமேட்டுக்கு அனுப்புகிறேன் என்றாள்.

ராய்ஸ் போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"நெரப்பினாதானே, வைத்தி?"

ஆறு வரைவும் நின்ற இடம் இதுதான்.

5

முதல் வரைவில் அன்று காலை நான் கடையில் இல்லை. பல் டாக்டரிடம் போயிருந்தேன். மூன்றாம் வரைவில் கடையில் இருந்தவர் வேறொருவர். அவருக்கு ஒரு பெயர்கூட வைத்தேன், மீசை வைத்தேன், காது மந்தம் என்று எழுதினேன். நாலாம் வரைவில் கார்லீன் கடைக்கு வரவே இல்லை, நேராகப் போய்விட்டாள். கதாசிரியனுக்கு இந்த வசதியெல்லாம் உண்டு.

நடந்தது இது. காலை எட்டரைக்குக் கார்லீன் வந்தாள். வெளியே எஞ்சினை அணைக்காமல் விட்டுவிட்டு உள்ளே வந்து காபி ஊற்றிக்கொண்டாள். குதிரையைப் பற்றிக் கவலையாக இருந்தாள். சீக்கிரம் கிளம்பவேண்டும் என்ற அவசரம் கையிலேயே தெரிந்தது.

"முள்ளு பாதிக்குக் கொஞ்சம் மேல நிக்குது. முந்நூத்திப் பதினஞ்சு மைல் போகும்னு காட்டுது. போயிடலாம்ல, வைத்தி?"

எனக்குத் தெரியும். என் குழாயில்தானே எல்லாரும் பிடிக்கிறார்கள். பிடித்த கேலனையும் அவர்கள் வாயால் சொல்லும் மைலையும் மனதுக்குள் வகுத்துப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. ராய்ஸின் வண்டி பதினாறைத் தாண்டியதில்லை. பின்னால் குதிரைகள் வேறு, அதில் பாதிதான் வரும். நிரப்பிக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அதைச் சொன்னால் உன் புருஷன் புளுகன் என்று சொன்னதாகும். பலகையின் வேடிக்கை கெட்டுப்போகும். தவிர, வந்த புதிதில் ஒருவர் என்னைப் பற்றிச் சொன்னது மனதில் கிடந்தது: இவன் சவ ஊர்வலத்தையும் நிறுத்திப் பத்து கேலன் விப்பான். அன்றிலிருந்து யாரிடமும் நிரப்பச் சொல்வதில்லை.

ஆகவே நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்:

"ராய்ஸ் வண்டிக்கு என்ன கொறச்சல்? தைரியமா போங்க."

அவள் காபிக்கு மூடி போட்டுக்கொண்டு போனாள். டேங்கில் பதினைந்து கேலன் இருந்திருக்கும். எட்டால் பெருக்கினால் நூற்று இருபது மைல். ஃபோர்ட் மெரிலுக்கு இருபது மைல் முன்னால், வெட்டவெளியில்.

6

ராய்ஸ் கேட்டபோது நான் காபி மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன். தலையை ஆட்டினேனா என்று எனக்கே நிச்சயமில்லை. ஆட்டியதாக அவன் எடுத்துக்கொண்டான். பனி தள்ளும் வண்டி கிழக்கே போனது. நான் வடிதட்டைக் கழுவினேன். ஏற்கெனவே கழுவியிருந்த கோப்பைகளைக் கழுவினேன். ஹார்லன் ஜன்னலருகே நின்றான். ராய்ஸ் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.

பிறகு சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ராய்ஸ் என்னைத் திட்டவில்லை. போனில் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, மறுமுனையில் அவள் பனி தள்ளும் வண்டிக்காரரைக் கூப்பிடுவதை நின்று கேட்டுக்கொண்டிருந்தான். வண்டியைத் திருப்பினார்கள்.

கேட்டதற்கும் சொன்னதற்கும் நடுவே எத்தனை நிமிடம்? இரண்டாம் வரைவின் ஓரத்தில் நான்கு என்று குறித்துவைத்தேன். ஐந்தாம் வரைவில் பத்து. போன வாரம் இருபது என்று திருத்தினேன். நாற்பது.

முடிவுகள் இரண்டு எழுதிவைத்திருக்கிறேன். ஒன்றில் பனி தள்ளும் வண்டிக்காரர் கண்ணாடியைத் தட்டுகிறார், உள்ளே கார்லீன் இருக்கைக்குக் கீழே போடும் ரப்பர் விரிப்பைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இன்னொன்றில் குதிரைகள் இரண்டும் உயிரோடு இருக்கின்றன, வண்டியின் கதவு திறந்து கிடக்கிறது. எது நடந்தது என்று ஆல்டனில் எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அவள் பிழைத்தாள் என்றால் நீங்கள் என்னை மன்னித்துவிடுவீர்கள், இல்லை என்றால் தண்டித்துவிடுவீர்கள். இரண்டில் எது ஆனாலும் நாற்பது நிமிடத்தை விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவீர்கள். நான் அங்கேயேதான் இருக்கிறேன்.

அதனால் உங்களை இங்கே நிறுத்துகிறேன். மணி இரண்டு இருபது. மேடைக்கு இந்தப் பக்கம் இப்போது நிற்பது நீங்கள். ராய்ஸ் போனைப் பொத்திக்கொண்டு உங்களைத்தான் பார்க்கிறான், நல்ல மனுஷன், பத்தொன்பது வருடப் பழக்கம். ஹார்லனும் பார்க்கிறான். காலையில் சிரித்துக்கொண்டே நீங்கள் சொன்ன வார்த்தை உங்களுக்கு மட்டும்தான் தெரியும். உடனே சொல்லிவிடுவேன் என்றுதான் தோன்றும். படிக்கிற இடத்தில் இருந்திருந்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

எத்தனை நிமிடம் எடுத்துக்கொள்வீர்கள்? அவசரமில்லாமல் யோசித்து இங்கே எழுதுங்கள்: ............

நீங்கள் எழுதி முடிக்கிறவரை கார்லீன் கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கவேண்டும்.