பலகையில் இல்லாத கதவு

அப்பாவின் சவப்பெட்டியை மூடும் நேரத்தில் தம்பி கிளியோட்டிஸின் கையைத் தட்டிவிட்டாள் வெர்னிட்டா. அப்பா வேலை பார்த்த ஸ்டூடியோவின் பெயர் பொறித்த பேட்ஜை அவர் கோட்டில் குத்தப் பார்த்தான் அவன்.

"இருக்கட்டும்க்கா. இப்பவாவது மரியாதை பண்றாங்களேன்னு பாரு."

"உயிரோட இருந்தப்ப எங்க போச்சு இந்த மரியாதை?"

அவன் பேட்ஜைக் கைக்குள் மூடிக்கொண்டான்.

அப்பா ஓசெல் டிரம்ஸ் வாசித்தவர். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் ஆற்றோரத்துப் பாட்டுப்பதிவு ஸ்டூடியோவில் அவர் கைபட்ட பாட்டுகள் உலகமெல்லாம் ஓடின. ஆனால் அந்தக் காலத்தில் அவரைப் போன்ற கறுப்பர்கள் சந்து வழியாக வந்து பின்கதவைத் தட்ட வேண்டும். உள்ளே பதிவு நடந்தால் மழையில் நிற்க வேண்டியதுதான். முன்வாசல் வெள்ளைக்காரர்களுக்கு.

இப்போது அது புகழ்பெற்ற இடம். எங்கிருந்தெல்லாமோ வந்து முன்கதவின் பித்தளைக் கைப்பிடியைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் பலகை வேறு. 'நிறம் பார்க்காத வாசல்' என்று அதில் எழுதியிருக்கிறது. பின்கதவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கடைசிப் பயணத்தில் இறந்தவர் வேலை பார்த்த இடத்தின் முன் வண்டி சற்று நிற்பது அவர்கள் ஊர் வழக்கம். அப்படி நிற்கும்போது பெட்டியை முன்கதவு வழியாக உள்ளே கொண்டுபோய் வர ஸ்டூடியோ நிர்வாகி ஹோல்புரூக் அனுமதி கேட்டிருந்தார். அக்காவிடம் சொல்லாமலே கிளியோட்டிஸ் தலையாட்டியிருந்தான்.

சவ வண்டியில் ஓட்டுநர் பக்கத்தில் வெர்னிட்டா ஏறிக்கொண்டாள். ஸ்டூடியோ தெரு வந்ததும் சந்துக்குள் திருப்பச் சொன்னாள்.

குப்பைத் தொட்டிகளைத் தாண்டி வண்டி நின்றது. சுவரில் கதவளவுக்கு மட்டும் செங்கல் புதிதாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது ஸ்டூடியோ பெயர் போட்ட பனியன் விற்கும் கடை.

ஹோல்புரூக் மூச்சிரைக்க ஓடிவந்தார். "மேடம், எல்லாரும் முன்னாடி காத்துட்டிருக்காங்க. இங்க ஒண்ணுமே இல்லையே."

"இருந்துச்சு. நீங்கதான் அடைச்சீங்க."

"உங்க அப்பாவுக்கு முன்வாசல்ல பெரிய மரியாதை..."

"அவருக்கு அந்த வாசல் தெரியாதுங்க."

பின்னால் காரிலிருந்து கிளியோட்டிஸ் இறங்கினான். பேட்ஜ் இன்னும் அவன் கையில்தான் இருந்தது. அக்காவைத் தடுக்க வந்தவன், செங்கல்லைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

வெர்னிட்டா சுவரருகே போனாள். அப்பா தட்டுவது போலவே மூன்று முறை தட்டினாள். திறப்பதற்காகக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வண்டியில் ஏறி, போகலாம் என்று ஓட்டுநருக்குத் தலையசைத்தாள்.

அவள் அணிந்திருந்த வெள்ளைக் கையுறையின் விரல் முட்டிகளில் செங்கல் தூள் ஒட்டியிருந்தது. கல்லறை வரும்வரை அவள் அதைத் தட்டிவிடவில்லை.