செல்லுபடியான ஒரே தபால் வாக்கு

எங்கள் ஊராட்சியில் தபால் வாக்குக் கேட்டு விண்ணப்பித்தவர்கள் மூவர். மூவருடைய விண்ணப்பங்களையும் நானே சரிபார்த்து அனுப்பினேன். எந்த உறைக்குள் எதை வைக்க வேண்டும் என்பதையும் நானே சொல்லிக்கொடுத்தேன். ஆகவே, நடந்தது எவருடைய பிழை என்று எழுதத் தொடங்கினால், முதலில் என் பெயரையே எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் வாடிப்பட்டியிலிருந்து ஆறு கிலோமீட்டர். தலைவர் பதவி இம்முறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. அந்தப் பதவிக்காகப் பத்து ஆண்டுகள் காத்திருந்த என் தம்பி கருத்தக்கண்ணன், தன் மனைவி சுபலட்சுமியை நிறுத்தினான். எதிர்த்து நின்றவர் நாகஜோதி. நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருந்தவர்.

நான் அரசுப் பள்ளித் தலைமையாசிரியை. பணி நிறைவுக்கு ஐந்து மாதங்கள் இருந்தன. கணவர் காலமான பின் தம்பி வீட்டின் மாடியில் வசிக்கிறேன். சமையல் எல்லோருக்கும் ஒன்றுதான். வாக்குப்பதிவு நாளில் எனக்குத் திருமங்கலம் பக்கத்தில் பணி போட்டிருந்தார்கள். சுபலட்சுமியின் தம்பி அருள்பாண்டி காவலர். அவனுக்கு உசிலம்பட்டியில் பாதுகாப்புப் பணி. வேளாண்மை அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஜெயபாண்டிக்கு மேலூர். சொந்த ஊரில் வரிசையில் நிற்க இயலாத எங்கள் மூவருக்கும் தபால் வாக்கு ஒன்றே வழி.

விண்ணப்பத்துடன் பணி ஆணையின் நகலை இணைத்துக் குறித்த நாளுக்குள் கொடுத்தோம். வாக்குச்சீட்டுகள் வந்தன. நான்கு பதவிகளுக்கு நான்கு நிறங்கள். தலைவர் பதவிக்கு இளஞ்சிவப்பு. மற்ற இருவரையும் எங்கள் வீட்டு உணவு மேசைக்கு அழைத்து உட்காரவைத்தேன்.

“ஏன் டீச்சர், ஒரு ஓட்டுக்கு எம்புட்டுக் கவரு? கல்யாணப் பத்திரிகைக்கே ஒரு கவருதான வைக்கிறோம்,” என்றான் அருள்பாண்டி.

“வாய மூடிட்டுக் கேளுடா. பெறகு என்னையப் போட்டு நச்சரிப்ப,” என்றார் ஜெயபாண்டி.

“சீட்டுகளைச் சின்ன கவர்ல வச்சு ஒட்டணும். உறுதிமொழிப் படிவத்துல நீங்க கையெழுத்துப் போட்டு, அதிகாரிகிட்டச் சான்றொப்பம் வாங்கணும். அந்தப் படிவம் சின்ன கவருக்கு வெளியே இருக்கணும். ரெண்டையும் சேர்த்துப் பெரிய கவர்ல வைக்கணும். எண்ணுற அன்னைக்குக் காலையில எட்டு மணிக்குள்ள போய்ச் சேரணும். சீட்டுல ஓட்டுக் குறியைத் தவிர வேற குறி இருக்கக்கூடாது. புரிஞ்சதா?”

“புரிஞ்சது டீச்சர்,” என்று இருவரும் சேர்ந்தே சொன்னார்கள். வகுப்பில் அவ்வாறு சேர்ந்து சொல்லும் பிள்ளைகளை நான் நம்புவதில்லை. அன்று ஏனோ நம்பிவிட்டேன்.

அவர்கள் போன பின் சுபலட்சுமி சாப்பாடு எடுத்து வைத்தாள். தம்பியும் வந்து அமர்ந்தான். நான் அவளைப் பார்த்துக் கேட்டேன்: “சுபா, நீ தலைவரா வந்தா மொதல்ல என்ன செய்வ?”

அவள் வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான். “அவ என்னக்கா செய்வா? கையெழுத்துப் போடுவா. மிச்சத்தை நான் பாத்துக்கிருவேன். மொதல்ல ஆபீசுக்கு ஒரு நல்ல நாற்காலி வாங்கணும்.”

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ரசத்தை ஊற்றினாள். நான் அந்தப் பேச்சை அத்துடன் விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, பள்ளி முடிந்த பின் காலியான வகுப்பறை ஒன்றில் தனியாக அமர்ந்து இளஞ்சிவப்புச் சீட்டை விரித்தேன். மேல்நிலைத் தொட்டியின் மோட்டார் பழுதான கோடையில், ஒன்றிய அலுவலக வாசலில் மூன்று நாள் உட்கார்ந்து அதை மாற்றவைத்தவர் நாகஜோதி. அதை நான் கண்ணால் பார்த்தேன். மறுபக்கம், என் தம்பி வாங்கவிருந்த நாற்காலி. குறியிட எனக்கு அரை நிமிடமும் ஆகவில்லை. இரகசிய வாக்கெடுப்பு என்ற ஏற்பாடு இத்தகைய அரை நிமிடங்களுக்காகவே செய்யப்பட்டது என்று எண்ணினேன். உறைகளை முறைப்படி ஒட்டி அனுப்பினேன்.

எண்ணிக்கை நாளில் நான் வீட்டில் இருந்தேன். மாலை நான்கரை மணிக்கு வாசலில் வண்டி நின்றது. வெடிச் சத்தம் கேட்கவில்லை. சுபலட்சுமி யாரிடமும் பேசாமல் உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் வந்த தம்பியின் கழுத்தில் மாலை இல்லை.

“ஒரு ஓட்டுல போச்சுக்கா,” என்றான். “ஒத்த ஓட்டு. அவளுக்கு அறுநூத்திப் பன்னெண்டு. நமக்கு அறுநூத்திப் பதினொண்ணு.”

கணக்கை மனம் தானாகவே போட்டது. அந்த அறுநூற்றுப் பன்னிரண்டில் ஒன்று என்னுடையது.

“ஆனா அதில்லக்கா விசயம். உன் ஓட்டையே மாத்திப்புட்டாங்ய!”

“என்ன சொல்ற?”

அவன் சொன்னதை அவன் சொன்ன வரிசையிலேயே தருகிறேன். தபால் வாக்குகளை முதலில் எடுத்தார்கள். பெரிய உறைகள் மூன்று. ஜெயபாண்டியின் உறையில் உறுதிமொழிப் படிவத்தைக் காணவில்லை. தொலைந்துவிடக் கூடாது என்ற கவலையில் அதையும் சின்ன உறைக்குள் வைத்து அவர் ஒட்டியிருந்தார். படிவம் வெளியே இல்லாத சின்ன உறையைப் பிரிக்க விதி இடம் தராது. அது தள்ளுபடியானது. மற்ற இரண்டு படிவங்களும் சரியாக இருந்தன. எங்கள் இருவருடைய பெயர்களையும் உரக்கப் படித்தார்கள். பிறகு சின்ன உறைகள் இரண்டையும் கலந்து, எது யாருடையது என்று தெரியாதபடி பிரித்தார்கள்.

ஒரு சீட்டில் சுபலட்சுமிக்குக் குறி இருந்தது. அதன் கீழே நீல மையில், தேதியுடன், அருள்பாண்டியின் கையெழுத்தும் இருந்தது. அடையாளம் காட்டும் சீட்டு செல்லாது. எஞ்சியது ஒரே ஒரு சீட்டு.

“அது நாகஜோதிக்கு விழுந்திருக்குக்கா! மண்டபமே சிரிக்குது. ‘டீச்சரம்மா வீட்டு ஓட்டே உங்களுக்கு இல்லையா’ங்கிறாங்ய. நான் சட்டையப் பிடிக்கப் போயிட்டேன். எங்க அக்கா அப்படிப் போடவே மாட்டா, கட்டு மாறிப்போச்சு, இல்லாட்டி உள்ளயே சீட்ட மாத்திட்டீங்கன்னு சொன்னேன்.”

கையில் இருந்த பால் சொம்பை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. முப்பத்து நான்கு ஆண்டுப் பணியில் எத்தனையோ தேர்தல்களில் வாக்குச்சாவடிகளை நடத்தியிருக்கிறேன். ஒருவனுடைய கையெழுத்து இன்னொருவருடைய இரகசியத்தை வெளியே இழுத்துப்போடும் என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. அருள்பாண்டி வெறுமனே குறியிட்டு அனுப்பியிருந்தால், இரண்டு சீட்டுகளில் எது எவருடையது என்று உலகில் ஒருவராலும் சொல்ல முடிந்திருக்காது.

மறுநாள் அவன் வந்தபோது கேட்டேன். “ஏண்டா கையெழுத்துப் போட்ட?”

“அக்காவுக்குத்தான் போட்டேன்னு ஒரு அத்தாட்சி வேணும்ல டீச்சர்? பெறகு ஊருல ஒருத்தன் என்னையச் சந்தேகமாப் பேசக்கூடாது. அதோட, கையெழுத்தில்லாத காகிதத்த எங்க ஸ்டேசன்ல ஒருத்தனும் தொடமாட்டான்.”

“வேற எந்தக் குறியும் கூடாதுன்னு சொன்னேனே.”

“குறிதான கூடாதுன்னீங்க. கையெழுத்துக் கூடாதுன்னு சொல்லலையே.”

அவன் சொன்னது உண்மை. சான்றொப்பத்தைப் பற்றி அவ்வளவு விளக்கிய நான் அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டிருந்தேன்.

அத்துடன் முடிந்திருந்தால் நான் மௌனமாகவே இருந்திருப்பேன். மூன்றாம் நாள் காலை, தம்பி மதுரைக்குப் போய் ஒரு வழக்குரைஞரைப் பார்த்துவிட்டு வந்தான். கூடவே அருள்பாண்டி. தம்பி சாப்பாட்டு மேசையில் ஒரு பிரமாணப் பத்திரத்தை விரித்து, நான் கையெழுத்திட வேண்டிய இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டினான்.

“வக்கீல் தெளிவாச் சொல்லிட்டாருக்கா. செல்லுன தபால் ஓட்டு உன்னோடது ஒண்ணுதான். நீ சுபாவுக்குத்தான் போட்டேன்னு எழுதிக் குடுத்தாப் போதும். அங்க ஒண்ணு கொறையும், இங்க ஒண்ணு கூடும். நாம ஒத்த ஓட்டுல ஜெயிச்சோம்.”

“டீச்சர் சொன்னா ஜட்ஜே எந்திரிச்சு நிப்பாரு மாமா,” என்றான் அருள்பாண்டி.

“நீ பேசாத மாப்ள. உன்னையக் கூண்டுல ஏத்தினா அங்கயும் கையெழுத்துப் போட்டுட்டு வருவ.”

நான் பத்திரத்தைப் படித்தேன். நான்காம் பத்தியில் இருந்தது: ‘எவருடைய தூண்டுதலும் இன்றி, திருமதி சுபலட்சுமி அவர்களுக்கே நான் வாக்களித்தேன் என்று உறுதி கூறுகிறேன்.’ வரைவில் சந்திப் பிழைகள் இருந்தன. அவற்றைத் திருத்த என் கை நீளவில்லை.

“கண்ணா, யாருக்குப் போட்டேன்னு சொல்லச் சொல்லி ஒரு கோர்ட்டும் என்னையக் கேக்க முடியாது.”

“கோர்ட்டு கேக்கலக்கா. நீயாச் சொல்ற.”

“நான் சொல்லாம இருக்கேன்னு வச்சுக்க.”

“ஏன் சொல்லாம இருக்கணும்?” அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. “ஊரே உன்னையப் பத்தித் தப்பாப் பேசுது. உன் மானத்துக்காகத்தானக்கா இம்புட்டு அலையுறேன். போன வாரம் வரைக்கும் எனக்குப் பதவி பெருசா இருந்துச்சு. இப்ப அது கெடக்கு. எங்க அக்காளப் போயி அப்படிப் பேசிட்டாங்ய.”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். கையெழுத்திட்டால், எண்ணியவர்கள் மீது பொய்ப் பழி விழும். அவர்களும் என்னைப் போல் பணிக்கு வந்தவர்கள். ஒருவருக்காவது வேலை போகக்கூடும். மறுத்தால், என் தம்பி நீதிமன்றப் படிகளில் என்னை நம்பியே ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்குவான். நான் பத்திரத்தை அவன் பக்கம் தள்ளினேன்.

“எண்ணுனவங்க சரியாத்தான் எண்ணிருக்காங்க.”

ஒருவருக்கும் உடனே விளங்கவில்லை. “அதெப்படி டீச்சர், அவங்ய...” என்று தொடங்கிய அருள்பாண்டி பாதியில் நிறுத்தினான். அவனுக்குப் புரிந்துவிட்டது. தம்பிக்கு இன்னும் புரியவில்லை.

“என்னக்கா சொல்ற?”

“நாகஜோதிக்குத்தான் போட்டேன்.”

அவன் நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டு நின்றான். உட்கார வேண்டும் என்பது அவனுக்கு நினைவு வரவில்லை.

“எனக்கு எதிராவா?”

“நீ நிக்கவே இல்லையே, கண்ணா. சுபாதான நின்னா.”

அதைச் சொன்னவுடன், சரியான விடையைச் சொல்லிவிட்ட திருப்தி எனக்கு ஒரு நொடி உண்டானது. அந்த ஒரு நொடிதான். சமையலறை வாசலில் சுபலட்சுமி நின்றிருந்தாள்.

“அப்ப எனக்கு எதிராத்தான போட்டீங்க மதினி,” என்றாள்.

அவள் அழவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

“அன்னைக்கு நீங்க கேட்டீங்க, என்ன செய்வன்னு. இவரு பதில் சொல்லிட்டாரு. சரி. சாப்பிட்டு இவரு தெருப்பக்கம் போயிட்டாரு. நீங்களும் நானும் அரை மணி நேரம் தட்டுக் கழுவுனோம். மறுக்கா ஒருக்காக் கேட்டிருக்கலாம்ல?”

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே தொடர்ந்தாள்.

“ரெண்டு வாரம் வீடு வீடா ஏறி இறங்குனேன். இவரு ஒரு தெருவுக்கும் வரல. கடை வாசல்ல உக்காந்து கணக்குப் போட்டுக்கிட்டிருந்தாரு. பொம்பளைக எல்லாம் கேட்டாக, ‘ஏத்தா, வந்தா என்ன செய்வ?’ன்னு. சொன்னேன். அறுநூத்திப் பதினோரு பேரு போட்டாக. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு நீங்க மட்டும் கேக்கல. என்னையப் பாத்தீங்க, முடிவு பண்ணிட்டீங்க.”

தம்பி தன் மனைவியைப் பார்த்தான். அவள் அவ்வளவு நீளமாகப் பேசி அவன் கேட்டது அதுவே முதல் முறையாக இருக்க வேண்டும். அக்காள் கைவிட்டதைவிட அது அவனை அதிகமாகத் தாக்கியதோ என்னவோ, நாற்காலியை இழுத்து மெல்ல உட்கார்ந்தான். அருள்பாண்டி ஓசையின்றி வாசலுக்கு நழுவினான்.

நாகஜோதி தகுதியற்றவர் என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். அந்தக் குறியை இன்று இட்டாலும் அங்கேயே இடுவேனா, தெரியாது. ஒப்பிட்டுப் பார்த்தேன் என்று நினைத்திருந்தேன். ஒருவரை அவருடைய செயலை வைத்து எடை போட்டேன். மற்றவளை அவளுடைய கணவனின் பேச்சை வைத்து. என் வகுப்பில் ஒரு பிள்ளையின் விடைத்தாளை, பக்கத்தில் இருந்தவன் எழுதியதைப் பார்த்து எந்த ஆசிரியராவது திருத்தியிருந்தால், அவரை நான் எவ்வாறு நடத்தியிருப்பேன்?

“சுபா,” என்றேன். “என்ன செய்யணும்னு வச்சிருந்த? இப்பச் சொல்லு.”

அவள் மேசைக்கு வந்தாள். பென்சில் வட்டம் போட்ட பத்திரத்தை எடுத்து, நான்காக மடித்து, கணவனின் சட்டைப் பைக்குள் வைத்தாள்.

“இப்ப எதுக்கு மதினி?” என்றாள். “எண்ணி முடிச்சுட்டாங்கள்ல.”